மூத்த பயிற்சியாளர்

குழு வந்து சேர்வதற்குள் காட்டுவதற்கு ஒரு நல்ல கிழவியாகப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். எலியக்கா காலையிலிருந்து அந்த வேலையில்தான் இருந்தாள். ரொம்பத் தளர்ந்த சுண்டெலியைக் காட்டினால் வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். துறுதுறுவென்று ஓடுவதைக் காட்டினால், இதைப் படிக்கவா உதவித்தொகை என்று கேட்பார்கள். முதுகு கொஞ்சம் கூனி, ரோமம் அங்கங்கே மங்கி, ஒரு கண்ணில் வெள்ளை விழுந்து, ஆனாலும் தீனியைக் கண்டால் மூக்கைத் தூக்குகிற மாதிரி ஒன்று வேண்டும். மூன்றாவது அடுக்கில் அப்படி ஒன்று இருந்தது. கூண்டுக்குள் இரண்டு கையையும் குவித்து வைத்து, அதுவாக ஏறி வரும்வரை காத்திருந்து எடுத்தாள். இளசாக இருந்தால் வாலைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். வயசானது அதைத் தாங்காது. இங்கே படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அவள் சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதான்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் துறையில் வாசல் காவலர் முதல் பேராசிரியர் வரை எல்லாருக்கும் அவள் எலியக்காதான். பேராசிரியர் அவளைவிடப் பத்து வயசாவது மூத்தவர். அவரும் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா என்று ஒருத்தியைக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் வேலை சொல்வது சுலபம், அவளுக்கு மறுப்பது கஷ்டம். அந்த மனுஷனுக்கு இது நன்றாகத் தெரியும்.

உயிர்களுக்கு ஏன் வயசாகிறது, எப்படி வயசாகிறது என்று ஆராய்கிற துறை அது. அதில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் கொடுக்க ஓர் அறக்கட்டளை நிதிநல்கை தருகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விண்ணப்பம், ஒரு குழுவின் வருகை, ஒரு தீர்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாருங்கள், கிழட்டு எலி நினைத்தபோது கடையில் வாங்குகிற சரக்கில்லை. கிடைத்தாலும் யானை விலை. குட்டியாக வாங்கி, கூடவே இருந்து, இரண்டரை வருஷம்போல வளர்த்துத்தான் கிழடாக்க வேண்டும். எத்தனை பட்டம் வாங்கிய பேராசிரியராலும் எலிக்குச் சீக்கிரம் வயசாக்க முடியாது. ஒரு தொகுதி கிழடாகி முடிவதற்குள் அடுத்த தொகுதி பாதி வயசில் நிற்கும். அதை யார் கையில் விட்டுவிட்டுப் போவது? "இந்த பேட்ச் முடியட்டும், வந்துடறேன்" என்று கணவனிடம் அவள் சொல்லாத நாள் இல்லை. ஒரு பேட்ச் முடியும்போது இன்னொன்று நடுவில் நின்றது. எலிகளுக்கு வயசாகிக்கொண்டே இருந்தது. அவளுக்கு மட்டும் என்ன, குறைந்துகொண்டா வந்தது?

கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, மகளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் போய் வருவாள். போனதும் மகள் ஒட்டிக்கொள்வாள். ஒட்டி முடிப்பதற்குள் திரும்பும் ரயில் வந்துவிடும். இப்போது மகள் படிக்கிற பள்ளியிலேயே உயிரியல் ஆசிரியை வேலை ஒன்று காலியாகியிருந்தது. நிரந்தர வேலை. இந்த வாரத்துக்குள் சரி என்று சொல்லுங்கள், அதுவரை வேறு யாரையும் கூப்பிட மாட்டேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அதிசயமாக இந்தத் தடவை நடுவில் நிற்கும் தொகுதி என்று எதுவும் இல்லை. பழைய நல்கை முடிகிற நேரம் என்பதால் புதுக் குட்டிகள் வாங்கவில்லை. இருக்கிற கிழங்கள் போய்ச்சேர்ந்தால் அறை காலி. குழு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டால் போதும், அவள் சுவரேறிக் குதிக்காமல் வாசல் வழியாகவே போய்விடலாம்.

அப்படியானால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் மோசமாக எழுதித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேராசிரியர் பெயரில் எழுதினது அவள்தானே. எழுதிப் பார்த்தாள், முடியவில்லை. கை வைத்தால் ஒழுங்காகத்தான் செய்வேன் என்கிற புத்தி இருக்கிறதே, அது ஒரு வியாதி. திருப்பித் திருப்பி எழுதி, பிழை பார்த்து, பளபளவென்று ஆக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, இது கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இந்த நல்கையை நம்பிச் சேரக் காத்திருக்கிற நாலு பிள்ளைகள் வயிற்றில் அடிக்கிற வேண்டுதல். தெரிந்தேதான் வேண்டினாள். அழுகையும் வந்தது.

அந்த விண்ணப்பத்தில் அவளைப் பற்றி இருந்தது ஒரே ஒரு சொல். பயிற்சியாளர். அதைப் போடச் சொன்னது பேராசிரியர். "அருமையான வார்த்தைக்கா அது. குடுக்கறவங்களும் பயிற்சியாளர்தான், எடுத்துக்கறவங்களும் பயிற்சியாளர்தான். எவனுக்கு எது வேணுமோ அப்படிப் படிச்சுக்கட்டும்" என்றார். அப்படித்தான் படித்தார்கள். சம்பளப் பிரிவுக்கு அவள் பயிற்சி எடுப்பவள். அதனால் உதவித்தொகை மட்டும். வந்து பார்க்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். அதனால் வேலை முழுவதும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கச்சேரி முடிந்தால் உறைக்குள் போகும்.

குழுவில் மூன்று பேர். தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட, குரல் உயர்த்தாத பெண்மணி. படியேறும்போது கைப்பிடியைத் தொடவில்லை, மூச்சும் வாங்கவில்லை. எலியக்காவுக்கு யாரைப் பார்த்தாலும் நடையையும் கூனையும் கவனிக்கிற தொழில் புத்தி. இந்தம்மா நீண்ட நாள் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மற்ற இருவரும் தலையாட்ட வந்தவர்கள். பேராசிரியர் திரையில் படம் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். பிறகு எல்லாரும் எலி அறைக்கு வந்தார்கள். தொப்பி, அங்கி, முகமூடி போட்டுக்கொண்டு, புதிதாகச் சேரக் காத்திருந்த நாலு பிள்ளைகளும் ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, நல்கை வரும் என்று நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள், நகத்தைக் கடிக்க விடாமல் முகமூடி தடுத்ததால் கையுறையின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவி கூண்டுகளைப் பார்க்கவில்லை. நேராக எலியக்காவிடம் வந்தார்.

"உங்களைப் பயிற்சியாளர்னு போட்டிருக்கு. நீங்க பயிற்சி குடுக்கறவங்களா, எடுக்கறவங்களா?"

பேராசிரியர் பாய்ந்து வந்தார். "ரெண்டும்னே வெச்சுக்கலாம் மேடம்! கத்துக்கறதுக்கு ஏது முடிவு?"

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

எலியக்கா காத்திருந்தது இதற்குத்தான். இதோ கதவு. அறக்கட்டளையின் விதி அவளுக்கு மனப்பாடம்: பயிற்சி எடுப்பவர் ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பயிற்சி கொடுப்பவர் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். அவள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. உண்மையைச் சொன்னால் போதும், விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். பொய் சொல்லிக் கெடுக்கத்தான் தைரியம் வரவில்லை, உண்மை சொல்லிக் கெடுப்பதற்கு என்ன?

"எடுக்கறவதான் மேடம்" என்றாள். "பதினோரு வருஷமா."

பேராசிரியரின் முகமூடி உள்ளே போய் வெளியே வந்தது. அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடியிருந்தால் இந்தக் கதை வேறு. ஆனால் பதினோரு வருஷம் என்று தன் காதாலேயே கேட்டதும் அவளுக்கு உள்ளே என்னவோ கொதித்தது. சும்மா இருந்து தின்றவள் என்று இந்தம்மா நினைத்துவிட்டால்?

"அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. ஆனா இங்க வர்ற பிள்ளைங்க அத்தனை பேருக்கும் கையைப் பிடிச்சுக் கத்துக்குடுத்தது நான்தான். நான் கத்துக்குடுத்தவங்க இன்னிக்கு நாலு ஊர்ல பேராசிரியரா இருக்காங்க. வேணும்னா கையைக் குவிச்சுக் காட்டுங்க மேடம். உங்களுக்கும் கத்துத்தரேன்."

தலைவி காட்டினார். எலியக்கா அந்தக் கிழவியை அவர் உள்ளங்கை ஓரமாக விட்டாள். "இறுக்கிப் பிடிக்காதீங்க. அதுக்குக் கண் சரியாத் தெரியாது, உங்க கைச்சூட்டை வெச்சுத்தான் எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கும். கொஞ்சம் நேரம் குடுங்க." எலி முகர்ந்தது, நடுங்கியது, பிறகு மணிக்கட்டுப் பக்கமாக ஒதுங்கிச் சுருண்டுகொண்டது. முகமூடிக்கு மேலே தலைவியின் கண்கள் கலங்கியிருந்ததை எலியக்கா பார்த்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பதைச் சின்ன வயசில் எத்தனை தடவை படித்திருப்பாள்!

மாலையில் கூட்ட அறையில் தீர்ப்பைச் சொன்னார்கள். தலைவி சுற்றி வளைக்கவில்லை.

"விதிப்படி பார்த்தா இதை நான் திருப்பி அனுப்பணும். ஆனா பதினோரு வருஷமா ஒருத்தங்க இந்த வேலையைத் தாங்கிட்டு நிக்கறாங்க, அதை ஒளிக்காம சொல்றாங்க. இந்த மாதிரி ஒரு ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. நல்கை தரச் சொல்லி எழுதப் போறேன். ஒரே ஒரு நிபந்தனை. ஐந்து வருஷமும் இவங்க இங்க இருக்கணும். இவங்களுக்காகவே மூத்த பயிற்சியாளர்னு ஒரு புது இடம் உண்டாக்கறோம். இவங்க போனா நல்கையும் நின்னுடும்."

எலியக்காவுக்கு ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதாகத்தான் அந்தம்மா முகத்தில் ஒரு நிறைவு. கைதட்டினார்கள். பேராசிரியர் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். மூத்த பயிற்சியாளர் என்றால் கொடுப்பவரா எடுப்பவரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்த பெண் ஓடிவந்து எலியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் அக்கா, உங்களாலதான்" என்று அழுதாள். அவள் கை ஈரமாக இருந்தது. அந்த இடத்திலேயே, மன்னியுங்கள், எனக்கு இது வேண்டாம் என்று எலியக்கா சொல்லியிருக்கலாம். காலையில் அடக்க முடியாமல் ஓடின வாய் மாலையில் திறக்கவே மாட்டேன் என்றது. சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

கணவனிடம் போனில் சொன்னாள். அவன் சண்டைக்காரன் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்வாங்க. நீ நிஜமாவே எலி வளையில குடித்தனம் பண்றியேம்மா" என்றான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"நான் இன்னும் சரின்னு கையெழுத்துப் போடலைங்க. நாளைக்கே முடியாதுன்னு சொல்லிட முடியும்."

"சொல்லுவியா?"

"நாலு பிள்ளைங்க இருக்காங்க. ஒருத்தி வேலையை விட்டுட்டு வந்திருக்கா."

"நம்ம வீட்லயும் ஒருத்தி இருக்கா" என்றான். "உன்மேல எனக்குக் கோபம் வரல. அம்மா எப்ப வருவான்னு பாப்பா கேட்டா, முன்னெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்ப அடைக்கறதில்ல. அதான் பயமா இருக்கு."

அவன் போனை வைத்த பிறகும் அவள் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எலி அறையில் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பள்ளிக்குக் கிளம்பின கோலம், ஒரு பக்கம் சடை பின்னி, இன்னொரு பக்கம் பின்னாமல். அப்பன் வேலை பாதியில் நிற்கிறது போல. கையில் பென்சில்.

"அம்மா, நீ எவ்ளோ உயரம்?"

"எதுக்குடி?"

"இங்க சுவத்துல என் உயரத்தைக் குறிச்சிருக்கேன். அப்பாவோடதும் குறிச்சாச்சு. நீ அப்பா தோள் வரைக்கும் இருப்பேன்னு அப்பா சொல்றார். காது வரைக்கும் இருப்பேன்னு நான் சொல்றேன். நேரா நில்லு, பாக்கறேன்."

எலியக்கா போனைத் தீனி வாளியின்மேல் சாய்த்து வைத்தாள். சாய்ந்து நிற்க அந்த அறையில் சுவரே இல்லை, நாலு பக்கமும் கூண்டுகள். கதவு ஒன்றுதான் இருந்தது. அதில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து நின்றாள்.

"தொப்பியைக் கழட்டும்மா. தொப்பியோட உயரமாத் தெரியுது."

"இங்க கழட்டக் கூடாதுடி செல்லம்."

"அப்ப எப்படிக் குறிக்கறது?" மகள் பென்சிலை அப்பா கோட்டுக்குக் கீழே வைத்தாள், எடுத்தாள், இன்னும் கொஞ்சம் கீழே வைத்தாள். "இங்கயா? இங்கயா? சொல்லும்மா."

கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் வந்து நின்றது. நல்கை எப்படியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பேராசிரியர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த புதுக் குட்டிகள். வண்டியின் முனை கதவில் இடித்தது. அவள் முதுகில் இடித்தது.

"அக்கா, உள்ளதானே இருக்கீங்க? கதவு திறக்க மாட்டேங்குதே!" என்றான் வண்டி தள்ளி வந்தவன்.

எலியக்கா குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். மறுபடியும் இடித்தது. பெட்டிகளுக்குள்ளிருந்து குட்டிகள் பிறாண்டுகிற சத்தம் பலகை வழியாகக் கேட்டது. திரையில் பென்சில் இன்னும் சுவரைத் தொடாமல் நின்றது.

"ஆடாம நில்லும்மா" என்றாள் மகள்.