கை எட்டாத இடம்

"நாளையிலேர்ந்து உன் முதுகுக்கு யாருடி?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அக்கா வேலையை விட்டுப் போனாள். கூடப் பிறந்த அக்கா இல்லை. நீச்சல்குளத்தில் அவளோடு லைஃப்கார்டாக இருந்தவள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விசில் அடித்து எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிடுவார்கள். பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தில் இருவரும் குடைக்கடியில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, வெயில் க்ரீமை மாற்றி மாற்றி முதுகில் தேய்த்துக்கொள்வார்கள். சிவப்புச் சீருடை தோள்பட்டைக்குக் கீழே பாதி முதுகைத் திறந்தே வைத்திருக்கும். "நெளியாதடி, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சிருவேன்" என்பாள் அக்கா. ஊர்க்கதை எல்லாம் அந்தக் கையோடுதான் வரும்.

அக்காவின் இடத்துக்கு வந்தவன் ஓர் இளைஞன். அவனிடம் கேட்கவா முடியும்? வேறு யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் பேருந்தில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பி நடக்கிறவள் அவள். மர ஸ்கேலில் துணியைச் சுற்றி, க்ரீமைத் தடவி, முதுகுக்குப் பின்னால் விட்டு இழுத்துப் பார்த்தாள். பட்ட இடம் தப்பித்தது. படாத இடம் வரிவரியாக வெந்துபோனது. மல்லாந்து படுத்து நாலு நாளாயிற்று.

"என்னம்மா, முதுகுல ரோடு கிராஸ் பண்ணக் கோடு போட்டு வச்சிருக்க?" என்றார் டிக்கெட் கவுண்டர்காரர். அவளும் சேர்ந்து சிரித்தாள். உடை மாற்றும் அறைக்குள் போனபிறகுதான் கண்ணில் நீர் முட்டியது. இன்று யாரிடமாவது கேட்டே தீருவது என்று அப்போது முடிவு செய்தாள்.

மதிய ஓய்வில், தினமும் நீந்த வரும் தையல்காரம்மா தானாகவே குடைக்கடியில் வந்து, க்ரீம் ட்யூபை நீட்டிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "கண்ணு, இதைக் கொஞ்சம் தேச்சு விடேன். எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, கை வலிக்குதாம். ரிமோட்டுக்கு மட்டும் வலிக்காது!"

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள்! இவள் தேய்த்தாள். தேவைக்கு மேலும் மெல்லத் தேய்த்தாள். வெதுவெதுப்பான முதுகு. இடது தோளில் இரண்டு மச்சம். 'எனக்கும் கொஞ்சம்' என்ற இரண்டு வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"எனக்கும்..."

எதிர்க்கரையிலிருந்து இளைஞன் கையை உயர்த்தினான். பத்து நிமிடம் முடிந்திருந்தது. மறுபடி இறங்கச் சொல்லி விசில் அடிப்பது அவள் முறை. வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு விசிலைக் கவ்வி ஊதினாள்.

சிறுமிகள் கூச்சலிட்டபடி தண்ணீரில் குதித்தார்கள். தையல்காரம்மா ட்யூபைப் பைக்குள் போட்டாள். தொப்பிக்குள் முடியைத் திணித்தாள். திரும்பிப் பார்க்காமல் படிகளை நோக்கி நடந்தாள். அவள் முதுகில், இன்னும் சரியாகப் பரவாத வெள்ளைப் பூச்சில், இவளுடைய ஐந்து விரல்களும் பதிந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தன.