மூன்று கம்பெனியும் மஞ்சக்குப்பத்துச் சுவரும்

சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கனகசபேசன் சார் போன் பண்ணியபோது தங்கராசு மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுச் சாரத்தின் மேல்தட்டில் நின்று சுவருக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, கமிட்டில எல்லாரும் உக்காந்து ஒங்க வெப்சைட்டத் தட்டிப் பாத்தோம். வெறும் வெள்ளையா வருது. ஒரு படத்தையும் காணும்."

"நேத்துகூட வந்துச்சே சார்."

"இன்னிக்கி வரல. பாண்டிச்சேரி பெயிண்ட் ஆளுங்களும் இந்த வேலயக் கேட்டிருக்காங்க. புதன்கிழம பதினோரு மணிக்கி மறுபடி உக்காருறோம். அன்னிக்கும் இப்பிடின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தங்கராசு போனைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மே மாத லீவில் அந்தப் பள்ளிக்கூடம் முழுக்க பெயிண்ட் அடிக்கும் வேலை. மூன்று மாடி, ஏழு ஆளுக்கு ஆறு வாரம். அது கைவிட்டுப் போனால் கோடை முழுக்க உள்ளூரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஏழு பேரும் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிய வேண்டியதுதான். பிரிந்தவர்கள் மறுபடி ஒன்றுசேர்வது லேசில் நடக்காது.

"வெள்ளையடிக்கிறவன் சைட்டு வெள்ளையா இல்லாம பச்சையாவா இருக்கும்?" என்றான் மச்சான் ராஜவேல். யாரும் சிரிக்கவில்லை.

அந்த இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தது தங்கராசுவின் மகள் ரேகா. சிதம்பரத்தில் ஒரு டிசைன் கடையில் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலமே அவளிடம் கேட்டார்கள்.

"பக்கம் நல்லாத்தாம்பா இருக்கு. அத நெட்டுல வைக்க வாடகைக்குப் புடிச்ச எடந்தான் மோசம். எல்லாத்துலயும் கம்மி வெலன்னு ராஜவேல் மாமா புடிச்சிக் குடுத்தாரே, அந்தாளு இப்ப போனே எடுக்க மாட்டேங்குறான்."

"தனியா ஒரு எடம் வாங்கிப்புடுவமா?"

"அது நமக்குத் தாங்காதுப்பா. பொது எடந்தான். ஒரே மிஷினு, நூத்துக்கணக்குல குடித்தனம். ஒருத்தன் மோட்டார் போட்டுத் தண்ணி மொத்தத்தையும் இழுத்தான்னா மத்தவன் வீட்டுக் கொழாய்ல காத்துதான் வரும். வீட்டுக்காரன் அதக் கவனிக்கிறவனான்னு பாத்துப் புடிக்கணும்."

அவள் மூன்று கம்பெனி சொன்னாள். மாதம் ஐம்பத்தொன்பது ரூபாய்க்காரன் ஒருவன். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன். எங்கே பார்த்தாலும் விளம்பரம் வரும் வெளிநாட்டுக்காரன் ஒருவன். மூவருமே சில நாள் சும்மா வைத்துப் பார்க்க விடுவார்களாம். ஆனால் சைட்டின் பெயரை ஒருவனிடம் மாற்றிவிட்டால் அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாள் பிடிக்கும். ஆகவே திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு தெரிய வேண்டும்.

"மூணுலயும் போடும்மா. சாம்பிள் அடிச்சிப் பாப்பம்" என்றார் தங்கராசு.

எந்த வீட்டிலும் கலரைச் சொன்னவுடன் அவர் டின்னை உடைப்பதில்லை. சுவரில் ஒரு முழத்துக்கு மூன்று கலரையும் பூசி, வெயிலும் பனியும் படவிட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்காரரை நிறுத்திக் காட்டுவார். அந்த முறையையே இதற்கும் கொண்டுவந்தார். மஞ்சக்குப்பத்து வீட்டின் கூடத்துச் சுவரில் கரித்துண்டால் மூன்று கட்டம் போட்டார். ஏழு பேரும் அவரவர் போனில், கிடைத்த நேரமெல்லாம் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். சட்டென்று திறந்தால் கோடு, இழுத்தால் புள்ளி, திறக்காவிட்டால் பெருக்கல்.

சனி, ஞாயிறு, திங்கள் காலை என்று சுவர் நிரம்பியது. ஐம்பத்தொன்பது ரூபாய்க்காரன் கட்டம் முழுக்கப் பெருக்கல். மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தன. மத்தியானம் எண்ணிக்கொள்ளலாம் என்று தங்கராசு மாடிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது சுவர் மழமழவென்று இருந்தது. ஏழு பேரில் ஒருவனான சாமிக்கண்ணு, சுவருக்குப் பட்டி பூசிய தகட்டை வழித்துக்கொண்டிருந்தான்.

"டேய், கணக்கு எங்கடா?"

"எண்ணி முடிச்சாச்சின்னுல்ல நெனச்சேன்! கரியா கெடந்துச்சுண்ணே. நல்லாத் தேச்சி ரெண்டு கோட்டிங் பட்டி வச்சிட்டேன்."

"வருசம் பூரா சொன்னாலும் ஒரு கோட்டிங்குக்கு மேல வக்க மாட்ட. இன்னிக்கிப் பாத்து ரெண்டு வச்சியாடா!" ராஜவேல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மணி இரண்டு. தங்கராசு சிமெண்ட் சாக்கை விரித்து உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிட்டார். "தெறந்தது எவனுக்கும் ஞாபகம் இருக்காது. தெறக்காதது இருக்கும். அத மட்டும் சொல்லுங்க."

ஆளாளுக்கு ஐம்பத்தொன்பது ரூபாய்க்காரனைத் திட்டினார்கள். மற்ற இரண்டைப் பற்றிப் பேசியவன் சாமிக்கண்ணு மட்டும்தான்.

"ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கி டீக்கடையில கோயம்புத்தூரு தெறக்கலண்ணே. அன்னிக்கே சாயங்காலம் வெளிநாடும் தெறக்கல. கொஞ்ச நேரந்தான், அப்பறம் வந்துடுச்சி."

"ஒன் போன்ல சிக்னல் இருந்துச்சா?"

"மத்ததெல்லாம் தெறந்துச்சே!"

தங்கராசு ரேகாவைக் கூப்பிட்டு, வெளிநாட்டுக்காரனிடம் எழுதிக் கேட்கச் சொன்னார். ஞாயிறு சாயங்காலம் நின்றதா என்பது மட்டும்தான் கேள்வி. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. எங்கள் மிஷின் நிற்பதே இல்லை, உங்கள் இணைப்பைச் சரிபாருங்கள்.

கோயம்புத்தூருக்கு அவரே போன் போட்டார். ஸ்ரீமதி என்று ஒரு பெண் எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல நின்னுச்சாம்மா?"

"ஆமாங்க சார். ஆறு அம்பதுலருந்து ஏழு பத்து வரைக்கும். ஒரு கஸ்டமர் சைட்டுல ஏகப்பட்ட கூட்டம் ஏறி எல்லாத்தையும் அமுக்கிருச்சுங்க. அவர வேற மிஷினுக்கு மாத்திட்டோம்."

"மறுபடி நிக்காதுன்னு சொல்லுவியா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க சார். நின்னா நாங்களே உங்களக் கூப்பிட்டுச் சொல்லுவோம்."

"அடுத்த வருசமும் இதே வெலதானா?"

"அதேதானுங்க."

போனை வைத்ததும் ராஜவேல் பாய்ந்தான். "நின்னேன்னு அவனே ஒத்துக்கறான். அவங்கிட்டயா போவச் சொல்ற? புதன்கிழம நின்னா?"

"ரெண்டும்தான் நின்னுச்சி மச்சான். ஒருத்தன் மணியோட சொல்றான். இன்னொருத்தன் நம்ம சாமிக்கண்ணப் பொய்யன்றான். சொவத்துல ஈரமே இல்லன்னு சொல்ற வீட்டுக்காரன நம்பி எத்தன தடவ பெயிண்ட் உரிஞ்சி, பேச்சு வாங்கிருக்கோம்?"

ராஜவேல் முணுமுணுத்தான். அன்று சாயங்காலமே ரேகா சைட்டின் பெயரைக் கோயம்புத்தூர்க்காரனிடம் மாற்றிவிட்டாள்.

புதன்கிழமை காலை தங்கராசு பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் பெஞ்சு இருந்தது, உட்காரவில்லை. பதினொன்றேகாலுக்கு கனகசபேசன் சார் உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் கம்ப்யூட்டர் திரையில் அவர்கள் அடித்த வீடுகள் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. சேத்தியாத்தோப்புக் கல்யாண மண்டபத்துப் படம் வந்ததும் கமிட்டியில் ஒரு அம்மாள் நிறுத்தினார்.

"மழக்கி இந்தக் கலர் வெளுக்கலியா?"

"ரெண்டு மழ பாத்துடுச்சிங்கம்மா. வேணும்னா நேர்ல போயி பாத்துட்டு வாங்க."

இன்னும் சில கேள்விகள் கேட்டார்கள். பிறகு வெளியே நிற்கச் சொன்னார்கள். அரைமணி கழித்து சார் வந்து, கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே சாரம் கட்ட முடியுமா என்று கேட்டார்.

தங்கராசு கேட்டுக்கு வெளியே வந்து மச்சானுக்குப் போன் போட்டார். "மே மாசம் ஒருத்தனும் பெங்களூருக்கு டிக்கெட் எடுக்க வேணாம்னு சொல்லு."