உலகம்மையின் இடது பக்கம்

உலகம்மையின் இடது நுரையீரலை முழுசாக விரிக்க ஆபரேஷன் தியேட்டரில் இடம் போதவில்லை. அதனால் காலை ஒன்பதரை மணிக்கு அதை எதிரே இருந்த பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

விலாவில் நாலு விரல் அகலத்துக்குத்தான் கீறியிருந்தார்கள். அதன் வழியாக மடிப்பு மடிப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒரு முனை அவள் உடம்போடு இருந்தது. மறுமுனையை எட்டு நர்சுகள் ஏந்திக்கொண்டு படியிறங்கிச் சாலையைக் கடந்தார்கள். தென்காசி பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டாவது மாடியில் அவளுடைய வலது நுரையீரல் தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய கணவன் பேச்சிமுத்து தாலுகா ஆபீசில் சர்வேயர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவனை ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்.

"உலகம்மை கூட வந்தவங்க நீங்கதான? செருப்பக் கழட்டிட்டு வாங்க. மோதிரத்தையும்."

மைதானத்தில் டாக்டர் ஹெப்சிபா நின்றிருந்தார். அவர்தான் ஆபரேஷன் செய்கிறவர். கையில் உறை போட்டிருந்தார். காலில் ஒன்றும் இல்லை.

"ரெண்டு வருசம் முன்ன தொடையில இருந்த கேன்சர் கட்டிய எடுத்தோம்லா. எடுக்கதுக்கு முன்னாடியே அது ரத்தத்தோட போயி இங்க உக்காந்துட்டு," என்றார். "ஸ்கேன்ல அஞ்சு தெரியுது. கடுகுல இருந்து சுண்டக்கா வரைக்கும். கையால தடவித்தான் கண்டுபிடிக்கணும். ஆள் பத்தல."

"நானும் தடவலாமா?"

"உங்க கைக்குத் தெரியாத உடம்பா?"

பேச்சிமுத்து புல்மேல் விரிந்து கிடந்த நுரையீரலில் காலை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. ஊறிய பஞ்சுபோல அமுங்கி, காலை எடுத்ததும் மெதுவாக எழும்பியது. வெயில் அதன் வழியே இறங்கியது. அடியில் புல் தெரிந்தது. ஓர் எறும்பு போவதுகூடத் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தான். கோல்போஸ்ட்டைத் தாண்டிக் கிடந்தது. மைதானத்தின் சுவர் பின்னால் நகர்ந்து இடம் கொடுத்திருந்தது. அதையும் தாண்டிக் கிடந்தது. வெளிர் ரோஜா நிறம். ஓரம் கண்ணுக்கு எட்டவில்லை.

பழக்க தோஷத்தில் பையிலிருந்து டேப்பை எடுத்தான். முப்பது மீட்டரில் டேப் முடிந்தது. காலடி எண்ணிப் பார்த்தான். ஆயிரத்து இருநூறில் எண்ணிக்கை விட்டுப்போனது. இவ்வளவு இடத்தை உள்ளே வைத்துக்கொண்டு அவள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பத்தொன்பது வருஷம் அவன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஒரு நாளும் சொன்னதில்லை.

அவன் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான்.

வி.ஏ.ஓ. கையில் பதிவேட்டோடு வந்தார். பேச்சிமுத்துவுக்குத் தெரிந்தவர்தான்.

"சர்வேயர் சார், பட்டா யார் பேர்ல?"

"அவ பேர்லதான்."

"அவ அனுபவத்துல எத்தன வருசமா இருக்கு?"

"நாப்பத்திரண்டு. அவ வயசு."

"அஞ்சு ஆக்கிரமிப்பு இருக்காமே?"

"அத எடுக்கத்தான் வந்திருக்கோம்."

வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். பிறகு பதிவேட்டை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலிட்டுத் தடவ ஆரம்பித்தார். பஸ்ஸிலிருந்தவர்களும் இறங்கி வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். யாரும் சத்தமாகப் பேசவில்லை. விரல் நுனியால் தடவிக்கொண்டே முன்னால் நகர்ந்தார்கள்.

முதல் கட்டியை டிரைவர் கண்டுபிடித்தார். "இங்க," என்றார். டாக்டர் ஓடி வந்தார். கட்டியைச் சுற்றி நல்ல சதையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்து, குப்பியில் போட்டு, வெட்டிய இடத்தைக் கிளிப் அடித்து மூடினார். பன்னிரண்டு மணிக்குள் ஐந்து குப்பி நிறைந்தது.

"சரி, மடிச்சிருவோம்," என்றார் டாக்டர்.

"வடகிழக்கு மூலை பாக்கல," என்றான் பேச்சிமுத்து.

"ஸ்கேன்ல அஞ்சுதான்."

"மூலக்கல்லு வரைக்கும் போகாம எப்பிடி டாக்டர் முடிஞ்சுட்டுன்னு எழுதுவீங்க?"

டாக்டர் போனில் மாடிக்குக் கேட்டார். வலது நுரையீரல் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாதாம்.

"வாங்க," என்றார்.

இரண்டு பேரும் முழங்காலிட்டபடியே போனார்கள். மற்றவர்கள் பின்னால் தூரத்தில் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். மருத்துவமனை தீப்பெட்டி அளவு ஆனது. டாக்டர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சிமுத்து பார்க்கவில்லை. அவன் கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அவள் உடம்பின் சூடு மட்டும் தெரிந்தது.

ஐம்பத்தோராவது நிமிஷத்தில், கடைசி விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது, அவன் மோதிர விரலுக்கு அடியில் கடுகு போல ஒன்று உருண்டது.

டாக்டரின் கையைப் பிடித்து அங்கே வைத்தான்.

டாக்டர் கண்ணை மூடித் தடவினார். "ஆமா," என்றார். வெட்டி எடுத்து ஆறாவது குப்பியில் போட்டார். "ஸ்கேன் பொய் சொல்லல சார். அதுக்குக் கை கிடையாது. அவ்வளவுதான்."

மடிப்பது சுலபமாக இருந்தது. நாற்பது பேரும் விளிம்பைப் பிடித்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். மைதானம் ஜமுக்காளமானது, ஜமுக்காளம் துண்டானது, துண்டு கைக்குட்டையானது. டாக்டர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடியேறி, நாலு விரல் கீறல் வழியாக உள்ளே வைத்தார்.

பிறகு காற்றைத் திறந்துவிட்டார்கள்.

கீழே நின்ற நாற்பது பேரின் தலைமுடியும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. வேப்பமரம் மருத்துவமனையைப் பார்த்துக் குனிந்தது. பஸ் டிக்கெட்டுகள், வி.ஏ.ஓ.வின் தாள்கள், மைதானத்துப் புழுதி எல்லாம் இரண்டாவது மாடி ஜன்னலை நோக்கிப் போயின. வெகுநேரம் போயின. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

நாலு மணிக்கு உலகம்மை கண் விழித்தாள். விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலுக்குப் போனது. பாட்டில் தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது.

"எடுத்துட்டாங்களா?"

"ஆறு."

"அஞ்சுன்னுல்லா சொன்னாங்க?"

"ஏட்டி, ஆறு இருந்துச்சு."

அவள் தலையை அவன் பக்கம் திருப்பினாள். "திரும்பவும் வருமாங்க?"

"வராதுன்னு சொல்ல மாட்டாங்களாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு சொல்லுதாங்க."

"வந்தா மறுபடி விரிப்பாங்களோ?"

"விரிக்கட்டும். நான் வாரேன்."

"உள்ள எப்பிடி இருந்துச்சு?"

பேச்சிமுத்து இருபத்திரண்டு வருஷமாக நிலம் அளக்கிறவன். அளவு எதுவும் சொல்லவில்லை.

"நெறைய வெளிச்சம்," என்றான்.

அவள் தலையசைத்தாள். இருமினாள். வலித்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு, மெதுவாக, ஆழமாக, மூச்சை உள்ளே இழுத்தாள்.

பேச்சிமுத்து ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிப் போட்டு, அந்த மூச்சுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.