பத்துக் கண்ணாடி வளையல்

எங்கள் அலுவலகத்தில் நிரலாக்கப் பாடப்புத்தகங்களைக் கணினியில் சோதிப்பதில்லை. ஆட்களை வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்போம். கணினி புத்தகத்தைப் பற்றி வாய்திறந்து குறை சொல்லாது, ஆள் சொல்வார். புத்தகத்தில் இருக்கிற நிரலை வரிவரியாக, எழுதியிருக்கிறபடியே, உடம்பால் செய்ய வேண்டும். செய்து முடித்துச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினால் புத்தகம் சரி.

எனக்கு இந்த வேலை கிடைத்தது திறமையால்தான். அம்மா "கடைக்குப் போயிட்டு வாடா" என்றால் போய்விட்டு வெறுங்கையோடு வருவேன். வாங்கச் சொல்லவில்லையே. வீட்டில் இந்தத் திறமைக்கு வேறு பெயர். நேர்முகத் தேர்வில் மேலாளர் எபனேசர் "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொல்ல மறந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் வந்து பார்த்தவர், அந்த நாற்காலியிலேயே வேலையைக் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை, எனக்கு மூத்தவரான தில்லைநாயகி அக்கா ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தின் ஆறாம் பாடத்தில் மாட்டிக்கொண்டார். 'எண் ஒன்றில் தொடங்கு. எண் பத்து ஆகும்வரை மாடிப்படி ஏறி இறங்கி எண்ணைச் சொல்' என்று போட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரி இல்லை. அக்கா ஏறினார், இறங்கினார், "ஒண்ணு" என்றார். திரும்பவும் ஏறினார். நாங்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிடப் பழகிக்கொண்டோம்.

இப்படி ஓடுகிறவரைப் பாதியில் பிடித்து இழுக்கக் கூடாது. போன வருடம் நயினாரை இழுத்ததில், அவர் மனதில் சேர்ந்திருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. இப்போது எட்டாம் வகுப்பிலிருந்து மறுபடி படிக்கிறார். நன்றாகத்தான் படிக்கிறாராம்.

"வெள்ளிக்கிழமை என் தங்கச்சிக்கு வளைகாப்பு, சம்பு," என்றார் அக்கா இறங்கிக்கொண்டே. "அம்மா இல்லாத வீடு. முதல் வளையல் நான்தான் போடணும். நான் போடாம வேற யாரும் தொடமாட்டாங்க. ஒண்ணு."

சொல்லிவிட்டு மேலே போனார்.

புத்தகம் எழுதிய பேராசிரியர் திருவேங்கடத்தை வரவழைத்தோம். அவர் ஒரு வரி திருத்திக் கொடுத்தால் போதும்.

"வாசகர் என்ன கைக்குழந்தையா?" என்றார் அவர். "கூட்டணும்னு தானா தெரிஞ்சுக்க மாட்டாங்களா? உங்க ஆளுக்குத்தான் சூட்டிகை பத்தாது. வேற ஆளை விட்டுப் பாருங்க."

"விடறோம் சார்," என்றார் மேலாளர் என்னைக் காட்டி. "இவனுக்கு எதுவுமே தானாத் தெரியாது. அதுக்குத்தான் வச்சிருக்கோம்."

பெருமையாக இருந்தது. நானும் ஏறினேன், இறங்கினேன். "ஒண்ணு" என்றேன்.

"நீயாவது யோசிச்சுக் கூட்டியிருக்கலாம்ல?" என்றார் அக்கா எதிரே வந்து.

"எழுதலையேக்கா."

வியாழக்கிழமை அம்மா தயிர்சாதம் கொண்டுவந்து, நான் இறங்கும்போதெல்லாம் ஒரு கவளம் ஊட்டினாள். எப்போது வீட்டுக்கு வருவேன் என்று கேட்டாள். பத்து ஆனதும் என்றேன். அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை தங்கை உமையாளே ஆட்டோவில் வந்துவிட்டாள். கூடவே வளையல் பெட்டி, சந்தனக் கிண்ணம், ஐந்து வகை சாதம், சொந்தக்காரப் பெண்கள். கடைசிப் படியில் பாயை விரித்து அவளை உட்காரவைத்தார்கள். அக்கா இறங்கிவந்து "ஒண்ணு" என்று சொல்லி, ஒரு வளையலைப் போட்டுவிட்டு ஏறினார். மறுபடி வந்து இன்னொன்றைப் போட்டார். தங்கையின் கையைப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார்.

அதற்குப் பிறகு தடையில்லை. பத்து என்றதும் அக்காவின் கால்கள் நின்றன. தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட வந்தார்கள்.

"பார்த்தீங்களா? அவங்களே கூட்டிக்கிட்டாங்க," என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த பேராசிரியர். "புத்தகம் சரி."

"ஒண்ணு," என்றேன் நான்.

"இவன் இன்னும் ஓடறானே சார்," என்றார் மேலாளர்.

உமையாள் என்னைப் பார்த்தாள். "பாவம்க்கா. பெட்டியில மீதி இருக்கு, அவருக்கும் போட்டுவிடேன்."

நான் இறங்கும்போதெல்லாம் அக்கா ஒன்று போட்டார். என் கை தடிமன். ஏழாவதற்குச் சோப்பு தேவைப்பட்டது. பத்தாவது மணிக்கட்டைத் தாண்டியதும், கையைப் பார்த்து "பத்து" என்று சொல்லி நின்றேன். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது.

புத்தகத்துக்கு ஒரு நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்தோம்: ஒவ்வொரு பிரதியோடும் பத்துக் கண்ணாடி வளையல் சேர்த்துத்தான் விற்க வேண்டும்.

வளைகாப்பு ஆனவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் விடுப்பு உண்டு. திங்கள்கிழமையிலிருந்து வீட்டில் இருக்கிறேன். அம்மா இப்போதெல்லாம் கடைக்கு அவளே போய்வருகிறாள். மதியம் ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றுக்குள் பக்கங்கள் புரள்வது தெரிகிறது. நேற்று பக்கத்து வீட்டு மரகதம் அத்தை வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "திருத்திய பதிப்புதான்," என்றார். அம்மா அட்டைக்கு நிறம் யோசித்துக்கொண்டிருக்கிறாள். பச்சை வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.