ஏலக்காய் மூட்டைக்கு ஒரு இங்கிலீஷ் நாற்றம்

1

இந்தக் கதை ஒரு பகல் தூக்கத்தில் பிறந்தது. கெட்ட வாடைகளுக்கு இங்கிலீஷில் என்னென்ன சொற்கள் என்று அகராதியில் மேய்ந்துகொண்டிருந்தேன். ஸ்டெஞ்ச், ரேன்சிட், மஸ்ட்டி, ஃபிஷ்ஷி. இத்தனை பேர் வைத்தவர்கள் எந்நேரமும் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தார்களோ என்று நினைத்தபடி கண்ணயர்ந்தேன். ஜன்னல் வழியே போடிமெட்டு மூடுபனி உள்ளே வந்தது. (என் வீடு மதுரையில். பனி வர வழியே இல்லை. வந்தது, அவ்வளவுதான்.)

2

1979, ஆடி மாதம். மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் விடாத மழை...

இல்லை. மழையில் தொடங்கினால் ஜக்கம்மாளைச் சந்தேகப்பட்டுவிடுவீர்கள்.

2, மறுபடியும்

ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை வாங்கிக்கொள்ளும். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டுகூட யாரும் போவதில்லை. அங்கே அடுப்புக்கு விறகு தள்ளுபவள் ஜக்கம்மாள். காய்ந்த காயை ஜீப்பில் போடிக்கு இறக்குபவன் அவள் புருஷன் சுருளிவேல். அந்த வாரம் மழையில் விறகு ஈரம், ஸ்டோரில் சூடு இறங்கி காய் அரைகுறையாகத்தான் உலர்ந்தது. அதே வாரம், பெண்டாட்டிக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது என்று சுருளிவேல் ஜீப்பில் கருவாடு ஏற்றி வந்தான். வண்டியைக் கழுவாமலே மூட்டைகளை அடுக்கினான்.

காய் நாறுகிறது என்று பம்பாய் வியாபாரி லோடைத் திருப்பிவிட்டார். என்ன நாற்றம் என்று இங்கிலீஷில் ஒரே சொல்லில் தெரிவிக்க வேண்டுமாம். முதலாளி தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். யாரால் வந்த நாற்றமோ அவர் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும், மற்றவர் வேலையில் இருக்கலாம்.

3

எஸ்டேட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் கணக்குப்பிள்ளை வெள்ளைத்துரை ஒருவர்தான். [இவரை நான் இன்னும் நம்பவில்லை. நல்லவராக எழுதினால் பொம்மையாகிறார். கெட்டவராக எழுதினால் பனிக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்.] மூட்டைக்குள் முகத்தை விட்டு முகர்ந்தார். மக்கல் வாடையும் இருந்தது, கவிச்சியும் இருந்தது.

“மக்கலுக்கு மஸ்ட்டின்னு எழுதினா ஜக்கம்மா போவா. கவிச்சிக்கு ஃபிஷ்ஷின்னு எழுதினா நீ போவ,” என்றார் சுருளிவேலிடம்.

“கருவாடுதாண்ணே. என் பேர்லயே எழுதுங்க,” என்றான் சுருளிவேல்.

“அவரு சும்மா சொல்றாருண்ணே. ஜீப்பு இல்லாட்டி அவருக்குச் சோறு எறங்காது. என் அடுப்புதான் அமந்துபோச்சு.” ஜக்கம்மாள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “யாரு நாத்தம்னு சொல்லாம, சும்மா நாத்தம்னு மட்டும் சொல்ல இங்கிலீசுல ஒரு வார்த்தை இல்லையாண்ணே?”

இருக்கிறது, ஸ்டெஞ்ச். வியாபாரி அதை ஏற்கமாட்டார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது.

4

முடிவு ஒன்று: சுருளிவேல் கம்பம் பஸ்சில் கிளீனராக... வேண்டாம்.

முடிவு இரண்டு: ஜக்கம்மாள் தேவாரம் ஊர்ப்பக்கம் களையெடுக்கப் போய்... இதற்கும் கை ஓடவில்லை.

முடிவு மூன்று: எல்லாம் கனவு. சீ, அவ்வளவு சோம்பேறியில்லை நான்.

5

மூட்டையில் அடித்த வாடை: ............

இந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். வெள்ளைத்துரை பேனாவை உங்களிடம் நீட்டிவிட்டுப் பனிக்குள் நடந்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் உங்கள் எதிரே நிற்கிறார்கள். இருவருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நீங்கள் எழுதிவிட்டு நிமிரும்போது யார் முகத்தைப் பார்க்காமல் விடுகிறீர்களோ, அவர் மலையை விட்டு இறங்கத் தொடங்கிவிடுவார்.