சுற்றுநிருபத்தின் ஒன்பதாம் பந்தி

மர்ஸூக் மாகாணக் கல்வி அமைச்சர் பதவியிலிருந்து இறங்கி ஆறு வருஷமாகிவிட்டது. பாலாவிச் சந்தியில் அவரை இன்னும் 'மினிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தேநீர்க் கடை நஸீம் மட்டும் அந்தச் சொல்லோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துத் தருவான். அதற்கென்று மேலதிகக் காசு ஒன்றும் அறவிடுவதில்லை.

அந்த ஆட்சியே ஒரு தினுசான ஆட்சி. யுத்தம் முடிந்து சில வருஷங்களில், சீர்திருத்தம் என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வென்று வந்தார்கள். முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து பேர். வீதி அமைச்சர் எந்தக் கல்லிலும் தன் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அவர் போட்ட வீதிகளில் இன்று வேறு அரசியல்வாதிகளின் பெயர்கள் இருக்கின்றன. சுகாதார அமைச்சர் மாலை வேண்டாம் என்றார். அடுத்த முறை இவருக்கு வாக்கில்லை என்று மாலை கட்டுகிறவர்கள் சத்தியம் செய்தார்கள். அடுத்த முறை வரவேயில்லை. மாகாண சபையின் காலம் முடிந்தது, தேர்தலை ஒருவரும் வைக்கவில்லை, அந்த ஐவரையும் தோற்கடிக்கக்கூட ஆளில்லாமல் போயிற்று. விவசாய அமைச்சர் இப்போது முந்தல் ஊரில் இறால் வளர்க்கிறார். வழியில் கண்டால் இறாலுக்கு வரும் நோய் வருத்தங்களைப் பற்றித்தான் கதைப்பார்.

மர்ஸூக்குக்கு ஒரே மனக்குறை. தாங்கள் செய்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதுதான் அது. அவர் திறந்து வைத்த விஞ்ஞானகூடத்தில் உடைந்த கதிரைகள் கிடந்தன. அவர் கொடுத்த தண்ணீர்த் தாங்கியில் புறா முட்டையிட்டது. "ஒண்டாவது நிக்குதா நஸீம், ஒண்டாவது?" என்று ஒவ்வொரு காலையும் கேட்பார். நஸீம் அவருக்கு முன்னால் இன்னொரு பிளேன் டீயை வைப்பான்.

உண்மையில் அவருக்குப் பிடித்த வேலை ஒன்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து கையில் ஒரு பையோடு வந்து இறங்கிய குடும்பம் அவருடையது. அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலில் படித்தார். நல்ல ஆசிரியர்கள் வருவார்கள். யாராவது ஒரு பெரிய மனிதரின் கடிதத்தோடு மூன்றே மாதத்தில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். கடிதம் எழுத ஆளில்லாதவர்கள் முகாமிலேயே நரைத்தார்கள். பின்னர் அவரே கணக்கு வாத்தியாராகி, அப்படித்தான் பாதி நரைத்தார். ஆகவே அமைச்சரான முதல் மாதமே இடமாற்றச் சுற்றுநிருபத்தைத் தன் கையால் எழுதினார். புதிதாக வருகிற ஆசிரியர் எவரானாலும் மூன்று வருஷம் கஷ்டப் பிரதேசத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு சேவைக்கால வரிசையில் பெயர்ப் பட்டியல், அது கல்விக் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்படும். ஒன்பதாம் பந்தி: அரசியல்வாதி எவரேனும் ஒரு விண்ணப்பதாரருக்காகக் கடிதம் கொடுத்தால், அந்த விண்ணப்பதாரர் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுவார். அரசியல்வாதி என்றால் யார் என்று அடியில் விளக்கமும் போட்டார்: பதவியில் இருப்பவரும், இருந்தவரும்.

அவருடைய மகள் ரம்ஸியா ஆசிரியையாகி, கற்பிட்டிக்கு அப்பால் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நான்கு வருஷமாகிறது. சட்டம் போட்டவரின் மகள்தானே முதலில் போக வேண்டும் என்று சந்தியில் எல்லாரும் மெச்சினார்கள். மெச்சியவர்கள் யாருக்கும் தீவில் மகள் இல்லை. மருமகன் கட்டாரில். ரம்ஸியாவின் இரண்டு வயது மகள் பரீனா பாலாவியில், மர்ஸூக்கின் வீட்டில் வளர்ந்தாள். தீவில் ஆசிரியைகள் இருவருக்கு ஒரே ஒரு அறை. ஒரு பிள்ளையை அங்கே எங்கே படுக்க வைப்பது? வெள்ளி பின்னேரம் ரம்ஸியா படகில் வருவாள், ஞாயிறு திரும்பிப் போவாள். கடலைக் குழப்பும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மூன்று வாரம் கூட வராமல் போனதுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரம்ஸியா பையைத் தூக்கியபோது பரீனா அழவில்லை. வழக்கமாகத் தெருவே கூடும்படி கத்துகிற பிள்ளை, மர்ஸூக்கின் மனைவி முனவ்வராவின் இடுப்பில் இருந்தபடி கையைக் காட்டிவிட்டு, முனவ்வராவைப் பார்த்து, தாயைக் கூப்பிடுகிற சொல்லால், "உம்மா, பாண்" என்று தின்னக் கேட்டது.

ரம்ஸியா சிரித்துக்கொண்டே போனாள். பஸ் திரும்பும் வரைக்கும் சிரித்தாள். முனவ்வரா உள்ளே வந்து கணவனுக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்ச பாருங்க, ஒரு கடிதம் எழுதுங்க."

"என்ன கடிதம்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. மகளை இஞ்சால எடுக்கச் சொல்லி."

"நானே போட்ட சட்டம் புள்ள அது."

"சபை இருக்கா?"

"இல்ல."

"மந்திரி இருக்கா?"

"இல்ல."

"நீங்க செஞ்சதுல ஒண்டும் மிஞ்சல்லண்டு டெய்லி சந்தியில நிண்டு ஒப்பாரி வைக்கிறீங்க. அந்தச் சட்டம் மட்டும் மிஞ்சிரிச்சா? புள்ள என்னை உம்மாங்குது. எனக்கு நெஞ்சு வெடிக்கிது."

அவருடைய சொந்த வாயாலேயே அவள் அவரை மடக்கிவிட்டாள். ரம்ஸியாவிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். "பட்டியல்ல பேரு இருக்கு வாப்பா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம்" என்றாள். எத்தனையாவது என்று கேட்டதற்கு, பிறகு சொல்கிறேன் என்று பேச்சை மாற்றினாள். அது அவருக்கு நல்லதாகப் படவில்லை. நல்ல இடத்தில் இருந்தால் சொல்ல மாட்டாளா?

அலுமாரியில் பழைய கடிதத் தாள்கள் இருந்தன. 'மாகாணக் கல்வி அமைச்சர்' என்பதற்கு முன்னால் 'முன்னாள்' என்று பேனாவால் எழுதினார். மையின் நிறம் வேறாக இருந்தது. தகுதி இருந்தால் மட்டும், விதிகளுக்கு அமைவாக மட்டும், தாயையும் பிள்ளையையும் மனதில் கொண்டு பரிசீலிக்கும்படி எட்டு வரி எழுதினார். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் தபாலில் சேர்த்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை கல்விக் கந்தோருக்கு நேரில் போனார். இடமாற்றப் பகுதியைப் பார்க்கிற குணேஸ்வரி, வன்னியிலிருந்து வந்து இங்கே வேலையில் சேர்ந்தவள். அவரைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்துவிட்டாள்.

"இருங்கோ சேர். உங்கட கடிதம் கிடைச்சது."

"நடவடிக்கை ஏதும்…"

"அண்டைக்கே எடுத்தாச்சு சேர்."

மர்ஸூக்குக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் காலத்திலும் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறதே என்று நினைத்தார்.

"மகளைக் கடைசிக்குப் போட்டாச்சு" என்றாள் குணேஸ்வரி.

"என்னது? எந்தச் சட்டத்தில?"

"உங்கட சட்டத்தில சேர். ஒன்பதாம் பந்தி." ஃபைலைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அடியில் அவருடைய கையெழுத்து, பதவிக்கால வளைவு நெளிவுகளோடு இருந்தது.

"அந்தச் சபையே இல்லையே பிள்ளை."

"அதாலதான் சேர் நிக்குது. இதை மாத்திறதெண்டா அமைச்சரவை கூடோணும். கூடுறதுக்கு ஆக்கள் இல்லை."

மர்ஸூக் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

"முதல்ல எத்தினையாவதா இருந்தா?"

குணேஸ்வரி மேசையைப் பார்த்தாள். "முதலாவது சேர். வாற தைக்குப் பாலாவிக்கே வந்திருப்பா. போன மாசம் வந்து சுவரில பார்த்தவ. 'வீட்டில சொல்லிப்போடாதேங்கோ அக்கா, கண்ணூறு படும், ஓர்டர் கையில வந்தாப் பிறகு நானே சொல்லுறன்' எண்டவ."

வெளியே சீமெந்து லொறி ஒன்று போனது. மர்ஸூக் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கடிதத்தைத் தேடினார்.

"கடிதத்தத் திருப்பி எடுக்கேலாதா?"

"பத்தாம் பந்தி சேர். ஒருக்கா குடுத்த கடிதத்தைத் திருப்பி எடுக்கேலாது. மாட்டுப்பட்டாப் பிறகு எல்லாரும் அப்பிடித்தான் கேப்பினமெண்டு நீங்களே யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறியள்."

ஆம், யோசித்துத்தான் எழுதினார். அந்தப் பத்தாம் பந்தியை எழுதியபோது அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது நினைவிருந்தது.

"நான் சந்தோஷமாச் செய்யேல்ல சேர்" என்றாள் குணேஸ்வரி. "என்ர தங்கச்சி பிரசாந்தியும் டீச்சர்தான். எங்களுக்காகக் கதைக்க இந்த ஊரில ஒரு சனமில்லை. அவளும் தீவில மூண்டு வருஷம் இருந்தவள். இந்தச் சுவரில பேரைப் பார்த்துத்தான் வீட்டை வந்து சேர்ந்தவள். அவளின்ர பேருக்கு மேல ஒருத்தரும் ஏறேல்ல. உங்கட கடிதத்தைக் கிழிச்சுப் போட்டிருந்தா, நான் அவளின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

மர்ஸூக் எழும்பினார். சுவரில் பட்டியல் இருந்தது. நாற்பத்தொரு பெயர்கள், வருஷத்துக்கு ஆறு பேர்தான் மாறுகிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு ஏழு வருஷம் என்று கண்டுபிடிக்கக் கடதாசி தேவைப்படவில்லை. பரீனாவுக்கு ஒன்பது வயதாகும்.

ஜும்மா தொழுகைக்குப் பிறகு முனவ்வராவிடம் ஒன்றும் சொல்லாமல், பரீனாவைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டி பஸ் ஏறினார். மகளிடம் தானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். அமைச்சராக இருந்த காலத்தில் எந்தப் பேச்சுக்கும் அவ்வளவு ஆயத்தம் செய்ததில்லை. கருவாடு காயப்போடும் வாடிகளைத் தாண்டி இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது.

முதலில் இறங்கியது ரம்ஸியா அல்ல. பாயும், மண்ணெண்ணெய் அடுப்பும், மாதா படமுமாக இன்னொரு ஆசிரியை இறங்கினாள். ரம்ஸியாவோடு ஒரே அறையில் இருந்த றோசா. பட்டியலில் இரண்டாவதாக இருந்தவள். மர்ஸூக்கைக் கண்டதும் சாமான்களை மணலில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சேர்! எனக்கு முந்தலுக்கு மாறிட்டுது சேர். மத்தியானம்தான் குணேஸ்வரி மிஸ் கோல் எடுத்துச் சொன்னவ. தைக்குத்தான், எண்டாலும் பாதிச் சாமானை இண்டைக்கே கொண்டு வந்திட்டன். எனக்கு ஆர் சேர் கடிதம் தாறது? உங்கட சட்டம்தான் தந்தது. ஆண்டவர் உங்களை நல்லா வைக்கோணும்."

அவள் அழுதாள். அவருடைய ஆறு வருஷ மனக்குறைக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. இதைவிட மோசமான ஒரு நேரத்தில் அது கிடைத்திருக்க முடியாது.

"நல்லது மகள்" என்றார். வேறு என்ன சொல்வது?

ரம்ஸியா பின்னால் நின்றாள். அவள் மனதில் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. முதலாவது பெயருக்கு வராமல் இரண்டாவது பெயருக்கு மட்டும் எப்படி ஓர்டர் வரும் என்று படகிலேயே யோசித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். றோசா சாமான்களை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் மட்டும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையசைத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"எழுதினீங்களா வாப்பா?"

"ஓம்."

"எத்தின வருஷம்?"

"ஏழு." ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை. "உம்மா சொன்னா… இல்ல, நான்தான் எழுதின. என்னை மன்னிச்சுக்க மகள்."

ரம்ஸியா கடலைப் பார்த்தாள். கண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்தாள், திரும்பவும் வந்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டி அவர் தோளிலிருந்து பரீனாவை வாங்கினாள். பிள்ளை முரண்டு பிடித்து அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

"றோசா டீச்சர்ட கட்டில் இனிச் சும்மாதான் கிடக்கும்" என்றாள். "தையிலேருந்து இவள் என்னோட இருக்கட்டும்."

"அங்க தண்ணி உப்பு மகள். டொக்டர் இல்ல."

"அங்கயும் புள்ளைகள் இருக்கிறாங்க வாப்பா. முப்பத்திநாலு பேருக்கு நான்தான் படிச்சுக் குடுக்கிறன். அவங்களும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க."

ஐந்து வருஷம் அமைச்சராக இருந்தும் அந்தத் தீவுக்கு மர்ஸூக் ஒரு தடவையும் போனதில்லை. தைக்குப் பிறகு வீட்டில் முனவ்வராவின் இடுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பாலாவி பஸ் ஹோர்ன் அடித்தது. ரம்ஸியா பிள்ளையோடு முன்னால் நடந்தாள். பஸ் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மாக்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.