ஏகநாதன் எடுத்த புத்தகம்

தலையணையை உருவியதும் அதற்கடியில் இருந்த புத்தகம் சரிந்து வேதாவின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. நல்ல கனம். உயிர் போகிற மாதிரி வலித்தது. கூடத்தில் தம்பி ஏகநாதனைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அவன் படுத்த மெத்தையையும் தலையணையையும் வெளியே போடச் சொல்லிச் சித்தி கிளியம்மாள் அனுப்பியதால்தான் அவள் இந்த அறைக்கு வந்தாள்.

சித்தி நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "அதையும் சேத்துப் போட்டுடு வேதா. செத்தவன் தலமாட்டுல இருந்தது வூட்ல இருக்கக் கூடாது."

"இது இரவல் சித்தி," என்றாள் வேதா.

பொய்தான். தம்பியின் சிநேகிதன் அத்தாவுல்லா அதைக் கொடுத்தது கொடுத்ததுதான், திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை. அவள் புத்தகத்தைப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனாள்.

அந்தச் சனியன் பிடித்த விளையாட்டு இந்த வீட்டுக்குள் நுழைந்தது எண்பத்து நாலில். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் காது போன வாணலிகளுக்கும் நடுவில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை ஏகநாதன் வாங்கி வந்தான். உள்ளே ஓர் ஆங்கிலப் புத்தகமும் விதவிதமான பகடைகளும். ஒருத்தன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவும் திருடனாகவும் மந்திரவாதியாகவும் நுழைய வேண்டும். எதிரே பூதம் வந்தால் வெட்டுவதா, ஓடுவதா, பேசிப் பார்ப்பதா என்று அவர்கள் சொல்வார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். இதற்கு இருபது முகம் வைத்த பகடை ஒன்று. கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் அந்த வீட்டு மாடியில் சூதாட்டம் நடக்கிறது என்றே நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் அவர்கள் தவறமாட்டார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப் சவுரிமுத்து, பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்யும் அத்தாவுல்லா, சித்தியின் மகன் கேசவன். "முப்பது வயசுக் கழுதைங்க, பூதம் புடிக்குதுங்க," என்று வேதா திட்டுவாள். திட்டிக்கொண்டேதான் போண்டாவும் போடுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாரம் பூராவும் முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவளுக்கு, அந்த ஒரு நாள்தான் வீட்டில் மனிதச் சத்தம்.

கதை சொல்கிறவன் எப்போதும் ஏகநாதன்தான். எல்லாக் கதையும் அவன் சொந்தமாகக் கட்டினதில்லை. அச்சடித்த கதைப் புத்தகங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதில் அவன் பெண் பார்க்கிற பெரியவர் மாதிரி யோசிப்பான். "சவுரிக்கு அடிதடி வேணும். அத்தாவுக்குப் பேரம் பேச யாராவது வேணும். கேசவனுக்கு வழியில ஒரு சத்திரம், சாப்பாடு. இது மூணும் இல்லாத கதை எவ்ளோ நல்லாருந்தாலும் நமக்கு ஆகாது." ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற என்பது அவன் கணக்கு. இன்னொரு சட்டமும் உண்டு. கதை சொல்கிறவனைத் தவிர வேறு யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆட்டமே இல்லை.

சர்க்கரை வந்து, அது சிறுநீரகத்தைத் தின்ற பிறகு, ஆட்டம் மாடியிலிருந்து அவன் கட்டிலுக்கு இறங்கி வந்தது. போன மாதம் அத்தாவுல்லாவின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து இரண்டு புத்தகம் கொண்டுவந்தார். ஒன்று கல்யாணப் பத்திரிகை மாதிரி மெல்லிசு, இரண்டே ஞாயிறில் முடிந்துவிடும். இன்னொன்று செங்கல். மலை தாண்டி, பாலைவனம் தாண்டி, கடல் வரைக்கும் போகிற கதை. வாராவாரம் ஆடினாலும் ஒன்றரை வருஷம் ஆகும்.

டாக்டர் ஒன்றரை வருஷமெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது வேதாவுக்கும் தெரியும், நண்பர்களுக்கும் தெரியும். அன்றைக்கு அத்தாவுல்லா கேட்டருகே தயங்கி நின்றான். "அக்கா, சின்னதையே எடுக்கச் சொல்லுங்க. நாங்க சொன்னா கண்டுபிடிச்சிருவான்."

வேதாவுக்கும் அதே ஆசைதான். ஏகநாதன் எதிலுமே அரைக் கிணறு தாண்டுகிறவன். பி.காம். மூன்றாவது வருஷத்தோடு நின்றது. டைப்ரைட்டிங் ஹையர் எழுதவில்லை. நிச்சயம் வரை வந்த சம்பந்தத்தை அவனே கலைத்தான். ஒன்றையாவது அவன் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"சின்னதா எடுத்துக்கயேன்டா."

"பெருசுதான்."

"ஒரு தடவயாவது ஆரம்பிச்சத முடிடா."

அவன் செங்கல் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுக்கா. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. நீயே படிச்சுச் சொல்லிடு. உன் குரல் நல்லாருக்கும்."

சர்க்கரைக்காரனுக்குக் கண் போவது உலகத்தில் நடக்கிறதுதான். அவள் படித்தாள். ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் தினமும் படித்தாள். பேய்க்கும் பிசாசுக்கும் நடுவில் அவன் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டான். "இந்த இடத்துல சவுரி என்ன பண்ணுவான் சொல்லு?" கோடாலியைத் தூக்குவான் என்பாள். "அப்ப நான் என்ன சொல்லணும்?" அவளுக்கு எரிச்சலாக வரும். எரிச்சலோடே சொல்வாள். போகப் போக அவன் கேட்காமலே சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் கடைசிப் பக்கம் முடிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாப் படிச்சக்கா," என்றான். விடிந்தபோது உடம்பு ஆறிக் கிடந்தது. படித்து என்ன பிரயோசனம், ஆட்டம் தொடங்கவே இல்லையே என்ற நினைப்புத்தான் காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கேசவன் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் போனான். பாடையின் ஒரு பக்கம் சவுரிமுத்து, ஒரு பக்கம் அத்தாவுல்லா. ரயில்வே கேட் மூடியிருந்ததால் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று போகும்வரை ஏகநாதன் அங்கே காத்திருந்தான் என்று பிறகு சொன்னார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். கட்டிலுக்கடியிலிருந்து ஓடிவந்த தண்ணீரோடு இருபது முகப் பகடையும் உருண்டு வந்தது. வேதா அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளித்து, ஈர வேட்டியோடு விளக்கைப் பார்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். வேதா பகடையைச் சவுரிமுத்துவிடம் நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ சவுரி. இதுக்கு மேல இங்க எதுக்கு?"

அவன் அதை உள்ளங்கையில் உருட்டினான். "போன ஞாயித்துக்கெழம புது ஆட்டத்துக்கு யாரு வீரன், யாரு திருடன்னு செட் பண்ணிக்கினு இருந்தோம்க்கா. இது உருண்டு கதவாண்ட பூடுச்சு. நம்பரெல்லாம் தேஞ்சிகீது, நான் குனிஞ்சு பாத்தே தெர்ல. இவன் கட்டில்ல படுத்துகினே 'பதினேழுடா'ன்றான். வெயில்ல கொண்டுபோய் வெச்சுப் பாத்தா பதினேழு."

"குத்துமதிப்பா சொல்லியிருப்பான்," என்றாள் வேதா. "அவனுக்குத்தான் கண்ணு தெரியாதே."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணா?" என்றான் அத்தாவுல்லா. "முந்தாநேத்துப் பேப்பர்ல பொடி எழுத்து விளம்பரம் படிச்சு என்னைக் கிண்டல் பண்ணானேக்கா."

உள்ளே சித்தி துடைப்பத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. வேதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நாலு பேர் கூட்டத்தில் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவள் இப்போது அவள் ஒருத்திதான். மலைக்கு அப்பால் என்ன, பாலைவனத்துச் சத்திரத்தில் யார், கடலோரக் கதவுக்குப் பின்னால் என்ன, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒன்றரை வருஷத்துக்கான ஞாயிற்றுக்கிழமைகள். படுபாவி, என்று நினைத்தாள்.

அவர்கள் எழுந்தார்கள். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. போய் வருகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்த காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சவுரிமுத்துவும் கேசவனும் அப்படியே செருப்பை மாட்டினார்கள். அத்தாவுல்லா மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"காரியம் முடிஞ்ச ஞாயித்துக்கிழம வரோம்க்கா."

"எழவு வூட்ல வரேன்னு சொல்லுவாங்களா தம்பி?" என்று சித்தி உள்ளேயிருந்து அதட்டினாள். "வாய அலம்பு."

"சொல்லட்டும் சித்தி," என்றாள் வேதா. பிறகு கேட்டுப் பக்கம் பார்த்து, "நாலு மணிக்கு வந்துடுங்க. சவுரி, அதை எடுத்துட்டுப் போகாத," என்றாள்.

சவுரிமுத்து திரும்பி வந்து பகடையை அவள் கையில் வைத்தான். மூவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவள் வாசல் விளக்கைப் போட்டு, அதனடியில் நின்று பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தும், அவன் கட்டிலில் படுத்தபடியே படித்த அந்தப் பகடையில் அவளுக்கு ஓர் எண்ணும் தெரியவில்லை.